கிழக்கு கேலரியில் ஒற்றர்கள்

சூலூர்ப் பொதுமக்களும், அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் பிற ஊர்ப் பொதுமக்களும் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உலகக் கால்பந்தின் தலைவிதி சூலூரில் நிர்ணயமாக இருந்தது. உலகத்துக்கு இந்த விவரம் எட்டவில்லை. அது உலகத்தின் குறை. எட்ட வேண்டிய அளவுக்கு மைக்கில் சொல்லியாகிவிட்டது.

சொன்னவர் சென்னியப்பன். பவர்லூம் தறிகளின் சொந்தக்காரர், வெற்றிவேல் கால்பந்துக் கழகத்தின் தலைவர், புரவலர், நிரந்தரச் சொற்பொழிவாளர். ஆப்சைடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அது தெரியாமலே பல வருடம் தலைவராக இருந்ததை நிர்வாகத் திறமை என்றுதான் சொல்ல வேண்டும். கழகத்தின் கோல்கீப்பர் அவருடைய ஒரே மகன் கிருபாசங்கர். இதற்கும் தலைவர் பதவிக்கும் சம்பந்தமில்லை என்று வருடாவருடம் ஆண்டு விழாவில் அவரே விளக்குவார்.

அன்று அன்னூர் அணியோடு அரையிறுதி. வெளியூர்க்காரர்களுக்கு மேற்கு கேலரி, உள்ளூர்க்காரர்களுக்குக் கிழக்கு கேலரி என்று பிரித்திருந்தார்கள். கேலரி என்றால் சவுக்குக் கழியில் கட்டிய படிகள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் சென்னியப்பன் மைக்கைப் பிடித்து, அன்னூர் ஆட்கள் நம்மவர்களைப் போல நடித்துக் கிழக்கு கேலரியில் உட்கார்ந்து நமது அணியின் ரகசியங்களைத் திரட்டுவதாக நம்பகமான தகவல் வந்திருக்கிறது என்றும், பெரியோர்களும் தாய்மார்களும் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் தாழ்மையோடு கேட்டுக்கொண்டார். அணிக்கு இருந்த ரகசியம் ஒன்றே ஒன்றுதான். பயிற்சிக்கு யாரும் வருவதில்லை.

இருந்தாலும் அறிவிப்பு வேலை செய்தது. கூடப் பிறந்தவர்களே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கடலை விற்றவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தை நீட்டினார். அதோடு திருப்தி அடையாத சென்னியப்பன் மாலையைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஒற்றனைத் தன் கையாலேயே பிடிப்பது என்று கிழக்கு கேலரிக்கு இறங்கி வந்தார். மாறுவேடம் கச்சிதமாக இருந்தது. விரலில் இருந்த நவரத்தின மோதிரத்தைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டார்.

அவர் போய் உட்கார்ந்தது வெள்ளியங்கிரியின் பக்கத்தில்.

வெள்ளியங்கிரி அன்னூர்க்காரர்தான். ஆனால் பந்து பார்க்க வந்தவரல்ல, மாப்பிள்ளை பார்க்க வந்தவர். அவருடைய இளைய மகள் லோகப்பிரியாவுக்குத் தரகர் கொண்டுவந்த ஜாதகம் கிருபாசங்கருடையது. பொருத்தம் இருந்தது. கோல்கீப்பர் பனியனோடு எடுத்த போட்டோவை லோகப்பிரியா அப்பாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு மேல் ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? ஆனால் மூத்தவள் பிரவீனாவை, ஆட்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று புகழ்ந்ததை நம்பிக் கொடுத்ததில், ஆறு மாதத்தில் அவள் பெட்டியோடு வீடு திரும்பியிருந்தாள். அதிலிருந்து வெள்ளியங்கிரி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சம்பந்தம் பேசும் இடத்தில் புகழ்கிறவன் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த ஆள். குறை சொல்கிறவன் ஒருவன்தான் உண்மை பேசுகிறான்.

பையன் வீட்டுப் பக்கம் தலை காட்டாமல், ஊர் பேர் சொல்லாமல், வேறு வேலையாக வந்தவர் போல நாலு இடத்தில் விசாரிப்பது அந்தப் பக்கத்து முறை. டீக்கடையிலும் சலூனிலும் விசாரித்ததில் எல்லோரும் பையனைத் தங்கம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளியங்கிரி அதில் ஒன்றையும் நம்பவில்லை. யாராவது குறை சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு, மனைவியின் தம்பி அருண்குமாரையும் கூட்டிக்கொண்டு, கிழக்கு கேலரியில் வந்து உட்கார்ந்திருந்தார். அருண்குமார் அன்னூர் அணிக்காக உயிரை விடக்கூடியவன். வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. சென்னியப்பன் பக்கத்தில் இருந்த இருவரையும் அளந்தார். சூலூர் பந்தை எடுத்தபோது பெரியவர் இரண்டு விநாடி தாமதித்துக் கை தட்டினார். சின்னவன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, எந்த ஊருங்க தங்களுக்கு?" என்றார் சென்னியப்பன்.

"பல்லடமுங்க. தறிக்கு நூல் பாக்கலாம்னு வந்தோமுங்க."

"அப்படீங்களா. எத்தனாம் நம்பர் நூலுங்க?"

வாழைத் தோட்டக்காரரான வெள்ளியங்கிரிக்கு வாழையில் எல்லா ரகமும் தெரியும். நூலுக்கு நம்பர் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும். "நல்ல நம்பராப் பாத்துத்தானுங்க" என்றார்.

சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் வெற்றி முரசு ஒலித்தது. தான் ஒரு கூலிக்குத் தறி ஓட்டுகிற ஆள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். வெள்ளியங்கிரி நவரத்தின மோதிரத்தைப் பார்த்தார். கூலிக்காரன் விரலில் ஒன்பது கல். இவன் மாப்பிள்ளை வீட்டார் புகழ்வதற்காக உட்கார வைத்த ஆளாகத்தான் இருக்கும் என்று அவரும் முடிவு கட்டினார். இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வெள்ளியங்கிரி மெல்லத் தொடங்கினார். அந்த கோல்கீப்பர் பையன் எப்படி, உடம்பு நன்றாக இருக்கிறதா, கைகாலில் பழுது ஏதும் உண்டா, இரவில் நேரத்துக்கு வீடு திரும்புகிறவனா, சேர்க்கை எப்படி, சட்டென்று கோபம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்ணைப் பெற்றவன் கேட்கிற கேள்விகள். ஒற்றனும் இதைத்தான் கேட்பான். சென்னியப்பன் தம் வாழ்நாளில் இவ்வளவு அப்பட்டமான ஒற்றனைப் பார்த்ததில்லை. மொத்தத்தில் ஒற்றன் எவனையுமே பார்த்ததில்லை.

பிடித்துக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, பழைய காலத்து மந்திரிகளுக்கு உதிக்கும் யோசனை ஒன்று அவருக்கும் உதித்தது. பொய்த் தகவலைக் கொடுத்து எதிரியைக் கவிழ்ப்பது. பெற்ற மகனைப் பற்றி என்பதால் நாக்கு கொஞ்சம் தயங்கியது. கழகத்தின் மானம் அதைத் தள்ளிவிட்டது.

"இத்தனை நேரம் பழகுனவருன்னு சொல்றேன், வெளிய சொல்லிப்போடாதீங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "பையனுக்கு எடது கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்க. அந்தப் பக்கம் என்ன வந்தாலும் தெரியாது. பொழுது எறங்கிருச்சுன்னா ரெண்டும் மங்கிரும்."

வெள்ளியங்கிரி ஆடிப்போனார். "அவங்க ஊட்டுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்னுங்க. மூடி வெச்சிருக்கறாங்க."

ஒருவன் கடைசியில் குறை சொல்லிவிட்டான். அதுவும் மோதிரம் போட்டவன். காலையிலிருந்து தேடியது கிடைத்துவிட்டது. கிடைத்ததும்தான் அது தமக்கு வேண்டாம் என்று வெள்ளியங்கிரிக்குத் தெரிந்தது. போட்டோவைத் திருப்பிக் கேட்க வேண்டுமே என்று நினைத்தார். கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

இடைவேளையில் அருண்குமார் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி எழுந்தான். அவன் போனது அன்னூர் ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு. வாயைத் திறக்கக் கூடாது என்ற சத்தியம் கேலரிக்குள் மட்டும்தான் செல்லும் என்று அவன் எடுத்துக்கொண்டான். இப்படியாக, மைக்கில் அறிவிக்கப்பட்டபோது இல்லாத ஒற்றன் ஒருவன், அறிவிப்புக்குப் பிறகு உண்டானான்.

இரண்டாம் பாதியில் அன்னூர் அடித்த பந்தெல்லாம் கிருபாசங்கரின் இடது பக்கத்துக்கே போனது. அவன் ஒன்றைத் தாவிப் பிடித்தான். ஒன்றைப் படுத்துப் பிடித்தான். ஒன்றை முஷ்டியால் குத்தி ரோட்டுக்கே அனுப்பினான். சென்னியப்பன் முக்காட்டுக்குள் பூரித்துப்போனார். தம்முடைய சூழ்ச்சிக்கு எதிரி விழுந்துவிட்டான். மகன் விழுந்து விழுந்து பிடித்ததை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

கவனித்தது வெள்ளியங்கிரி. இடது கண் தெரியாதவன் இடது பக்கம் இப்படித் தாவுவானா? அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குச் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. போட்டோவைத் திருப்பிக் கேட்க வேண்டாமோ என்று ஒரு பந்துக்கு ஒரு பங்கு மனம் இளகியது. கடலையை மறுபடியும் உரிக்கத் தொடங்கினார்.

கிருபாசங்கருக்கு வேறொரு கவலை. பெண் வீட்டார் கூட்டத்தோடு கூட்டமாக வந்தாலும் வரலாம், தலையை வாரிக்கொண்டு நில் என்று தரகர் காலையிலேயே காதில் போட்டிருந்தார். பந்து மறுகோடிக்குப் போகும்போதெல்லாம் அவன் டிராயரிலிருந்து சீப்பை எடுத்து வாரினான். கிழக்கு கேலரியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். லோகப்பிரியாவின் போட்டோ அவனுக்கும் மனப்பாடம். கடைசி நிமிடங்களில், கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருவரின் மூக்கு அவனுக்குத் தெரிந்த மூக்காக இருந்தது. உற்றுப் பார்த்தான். வருங்கால மாமனாராகத்தான் இருக்க வேண்டும் என்று நிச்சயித்து, மரியாதையாக லேசாகத் தலை குனிந்தான்.

அந்த நேரத்தில் அன்னூரின் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், பந்து தன்னிடம் இருப்பது பிடிக்காமல் சும்மா உதைத்துவிட்டார். அது அவசரமில்லாமல் உருண்டு வந்தது. கிருபாசங்கரின் இடது பக்கமாகப் போய் வலைக்குள் படுத்தது.

சூலூர் மௌனமானது. கிழக்கு கேலரியில் ஒரே ஒரு ஆள் எழுந்து குதித்தான். தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்துவிட்டன. தரையில் இறங்குவதற்குள் அருண்குமாருக்குத் தன் தவறு புரிந்துபோனது.

சுற்றிலும் ஆட்கள் எழுந்தார்கள். மீசைக்காரர் ஒருவர் அவன் தோளைத் தொட்டு, "தம்பி, சித்த எறங்கி வாங்க. உங்களை ஒதைக்கோணும்" என்றார்.

வெள்ளியங்கிரி அதைக் காதில் வாங்கவில்லை. வலைக்குள் கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை தடுத்திருக்கும். பையன் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சென்னியப்பன் தமக்கு உரிய தருணம் வந்துவிட்டதை உணர்ந்தார். ஒரு கோல் வாங்கிய துக்கத்தையும் மீறி எழுந்து, முக்காட்டை உதறி, கேலரி முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்கினார்.

"நான் ஆருன்னு தெரியுமுங்களா? கழகத் தலைவர் சென்னியப்பன். உங்களை அப்பவே கண்டுபோட்டேன்."

வெள்ளியங்கிரி மெதுவாக நிமிர்ந்தார். தரகர் சொன்ன சம்பந்தியின் பெயர் அதுதான். மாப்பிள்ளையின் தகப்பன். பெற்றவனே தன் வாயால் சொல்லியிருக்கிறான்.

"நீங்களுங்களா" என்றார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு உண்மையான மனுசனைப் பாத்ததில்லீங்க. நாங்க வாரோமுங்க."

கவிழ்க்கப்பட்ட ஒற்றன் ஏன் கும்பிடுகிறான் என்று சென்னியப்பனுக்கு விளங்கவில்லை. கும்பிட்டால் கும்பிடுவதுதானே அவருக்குப் பழக்கம், அவரும் கும்பிட்டார். தலைவரே கும்பிட்டுவிட்டதால் உதைப்பது முறையாகாது என்று மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அருண்குமாரின் சட்டையில் ஒரு பித்தான் மட்டும் போயிருந்தது. பிய்த்தவரே தேடிக் குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்தார். இருவரையும் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டார்கள். வழியில் யாரும் ஒரு வார்த்தை தடிப்பாகப் பேசவில்லை.

புதன்கிழமை தரகர் சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். பையனுக்குக் கண் தெரியாதாமே என்றார். எந்தப் படுபாவி சொன்னான் என்று சென்னியப்பன் சோபாவை விட்டு எழுந்தார்.

"நீங்கதானுங்களாம்" என்றார் தரகர்.

சென்னியப்பன் திரும்ப உட்கார்ந்தார். பிறகு, அது போர்த் தந்திரம் என்றும், பையனின் கண் கழுகுக் கண் என்றும் சொல்லி அனுப்பினார். வெள்ளியங்கிரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மகனுக்குச் சம்பந்தம் நழுவுகிறது என்றால் எந்தத் தகப்பனும் இப்படித்தானே மாற்றிப் பேசுவான் என்று பரிதாபப்பட்டார். முன்பு சொன்னது குறை, இப்போது சொல்வது புகழ். எது உண்மை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

லோகப்பிரியா போட்டோவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"இதுல நேராத்தானே பாக்கறாருங்கப்பா" என்றாள்.

"போட்டோவுல எல்லாரும் நேராத்தான் பாப்பாங்க கண்ணு" என்றார் வெள்ளியங்கிரி.

இதற்கிடையில் சென்னியப்பனுக்கே ஒரு சந்தேகம் புகுந்தது. அந்த உருட்டுப் பந்தை இவன் ஏன் விட்டான்? சாப்பிடும்போது மகனின் இடது பக்கத்தில் சத்தமில்லாமல் ஊறுகாயை நகர்த்தி வைத்துப் பார்த்தார். கடைசியில் கோயமுத்தூருக்கு அழைத்துப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினார். கடைசி வரி வரை கிருபாசங்கர் படித்தான். டாக்டர் இன்னும் சின்ன எழுத்து தம்மிடம் இல்லை என்றார். மாமனாரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் அவன் அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த வருடக் கோப்பையைக் காரமடை கொண்டுபோனது. அடுத்த தையில் லோகப்பிரியாவையும் காரமடையிலேயே கொடுத்தார்கள். அங்கே விசாரித்தபோது ஒருவர் மாப்பிள்ளையைச் சரியான கஞ்சன் என்று சொன்ன பிறகுதான் வெள்ளியங்கிரிக்கு நிம்மதி வந்ததாம்.

மாப்பிள்ளை சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்.