இருமல் சாரும் இரண்டு முக்காலியும்

திரைச்சீலைத் துணி விற்கும் பிரிவில் பதினாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் அவள். கடையில் எல்லாருக்கும் அக்கா. நாமும் அக்கா என்றே சொல்வோமே.

அந்தக் கடையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். நின்று நின்று அக்காவின் இடது கணுக்காலுக்கு மேலே நரம்பு புடைத்துப் புண்ணாகி, ஆறுவேனா என்று அடம்பிடித்தது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "உட்கார்ந்து செய்யற வேலையா பாரும்மா. இல்லைன்னா கால் தாங்காது."

இதற்கென்றே நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்திருந்தது, கண்ணுகளா. கடையில் வேலை செய்பவருக்கு உட்கார இருக்கை தரவேண்டும். முதலாளியும் முக்காலிகள் வாங்கிப் போட்டார். ஒரு வாரம் ஆகவில்லை, கடைக்காரர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. முக்காலிகள் கிடங்கில் கவிழ்ந்துகொண்டன. இரண்டு வருஷமாக வாய்தாவுக்கு மேல் வாய்தா.

அத்தனை வருஷமும் 'கீழ் அலமாரி'தான் கைகொடுத்தது. யாருக்காவது கால் கடுத்தால், "கீழ் அலமாரியப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லி, மேசைக்குப் பின்னால் துணிச் சுருளின்மேல் ஐந்து நிமிஷம் குந்திக்கொள்வார்கள். மேற்பார்வையாளர் வருவது முன்னாலேயே தெரிந்துவிடும். மனிதருக்கு ஓயாத இருமல். மாடிப்படியிலேயே லொக்கு லொக்கென்று கேட்கும். உடனே எழுந்துவிடலாம். அவருக்கு இருமல் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தீர்ப்பு வியாழக்கிழமை. பாதகமாக வந்தால் வேலையிலிருந்து நின்றுவிடுவதென்று அக்கா விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பக்கத்து மேசைக்காரிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். எந்தச் செய்தியும் முதலில் அவள் வாயில்தான்.

"அக்கா, வந்துடுச்சு!" போனைப் பார்த்தவளின் முகம் தொங்கிப்போயிற்று. "சட்டத்துல ஒரு பிரிவு செல்லாதாம்."

"எந்தப் பிரிவு?"

"நம்ம தலையெழுத்துக்கு வேற எது போகும் அக்கா? முக்காலிதான்."

அக்கா கத்தரிக்கோலைத் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். அளவு நாடாவைச் சுருட்டினாள். படியில் இருமல் கேட்டது. சார் வந்ததும் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"சட்டம் போச்சு சார். என் காலும் போறதுக்குள்ள நான் போறேன்."

அவர் ரேடியோவின் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே வரை படித்தார். "தலைப்பை மட்டும் பாத்துட்டுத் தண்டோரா போட்டியா? முதலாளிக்கு ஜெயில்ங்கற பிரிவுதான் செல்லாதாம். அபராதம் போதுமாம். இருக்கை தரணும்ங்கறது அப்படியே நிக்குது."

"அது நிக்கட்டும் சார். நாங்க உட்காரலாமா?" என்றாள் ரேடியோ.

அவர் கடிதத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குப் போனார். இரண்டு முக்காலிகளைத் தூக்கிவந்து, தன் கைக்குட்டையாலேயே தூசி தட்டினார்.

மறுநாள் அக்கா உட்கார்ந்து துணி அளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எதிரே சார்! கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"என்ன சார், பூனை மாதிரி வந்து நிக்கறீங்க? இருமல் என்னாச்சு?"

"இனிமே எதுக்கும்மா அது?"

அக்காவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமுமா சார்?"

"தொண்டைதான் கொஞ்சம் தேஞ்சுபோச்சு."

"அடப்பாவமே, நான் இருமல் மருந்தெல்லாம் வாங்கிக் குடுத்தேனே!" என்றாள் ரேடியோ.

"குடிச்சேனே. வேற வழி?"

பேசும்போதே அவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அக்கா அதை அன்றுதான் கவனித்தாள். ரேடியோவுக்கு உட்கார்ந்து பேச வராது. அவளுடைய முக்காலி சும்மாதான் கிடந்தது. அக்கா அதை நல்ல காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்க."

"நான் மேற்பார்வைம்மா."

"உங்களுக்குக் கிடையாதுன்னு தீர்ப்புல எந்த வரில இருக்கு? காட்டுங்க."

முட்டையின்மேல் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். ஒரு பெருமூச்சு வந்தது.

அப்போது பார்த்து மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம். அக்காவுக்குத் தன்னையறியாமல் வந்துவிட்டது: "லொக்கு, லொக்கு!"

சார் பதறிப் பாதி எழுந்தார். அக்கா எழவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள்.

"உட்காருங்க சார். பழக்கதோஷத்துல இருமிட்டேன்."