தபஸ்ஸும் பூட்டிய பெட்டி

என் தம்பி பொண்டாட்டி தபஸ்ஸுமை எனக்குப் பிடிக்காது என்பது குன்னூர் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். நானேதான் சொல்லி வைத்திருந்தேன். இந்த மரியம் பீவிக்கு மனசில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. தபஸ்ஸுமிடம் ஒன்று கேட்டால் பதில் வராது, திருப்பி ரெண்டு கேள்வி வரும். மீன் வாங்கலாமா என்றால், "எப்ப வந்த மீனுங்க மைனி?" என்பாள். வேலை டீ ஃபேக்டரியில் டிஸ்பாட்ச் கிளார்க். தூள் மூட்டை ஒவ்வொன்றையும் உள்ளே கைவிட்டுப் பார்த்து, தன் கண்ணெதிரே வாயைத் தைத்தால்தான் லாரியில் ஏற்ற விடுவாள். நடுவில் டீ குடிக்கப் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. லோடு ஏற்றுகிறவர்கள் அவளைத் திட்டாத நாள் கிடையாது. நான் அவர்கள் கட்சி.

அப்படி இருக்கும்போதுதான் பஸ்ராவிலிருந்து போன் வந்தது.

என் தம்பி தாஹா இராக்கில், ஒரு கம்பெனி கேம்ப் சமையற்கட்டில் ஸ்டோர்கீப்பர். அரிசி மூட்டை அடுக்கிய இரும்பு ரேக் சரிந்து மேலே விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பாஷை தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இல்லை. ஊருக்கு அனுப்பத் தயார், ஆனால் தனியாக விமானத்தில் ஏற்ற முடியாது, மனைவி வந்து கையெழுத்துப் போட்டு கூடவே அழைத்துப் போக வேண்டும் என்றார்கள். கைக்குழந்தையிலிருந்து நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. எனக்கு உலகமே இருண்டுவிட்டது.

அந்தப் பக்கம் அப்போது நிலைமை சரியில்லை. எந்த நேரம் எங்கே குண்டு விழும் என்று தெரியாத காலம். அவசியமில்லாமல் இராக்குக்குப் போகாதீர்கள் என்று நம் அரசாங்கமே சொல்லியிருந்தது. தபஸ்ஸும் அதுவரைக்கும் தாண்டிய எல்லை கேரளா பார்டர், அதுவும் கல்யாணத்துக்கு.

கோயமுத்தூரில் ஓர் ஏஜெண்ட் சுலபமாக வழி சொன்னான். பாக்தாத் தர்காவுக்கு ஜியாரத் போகிற கூட்டத்தோடு சேர்த்து விசா எடுத்துக்கொள்வது, அங்கே இறங்கி நழுவி பஸ்ராவுக்குப் போய்விடுவது. "ரெண்டே நாள்ல கிளம்பிரலாம்மா" என்றான். நான் அப்போதே பெட்டியை எடுக்கச் சொன்னேன். இவள் ஏஜெண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"பொய் சொல்லி உள்ள போனா, உண்மையச் சொல்லி வெளிய வர முடியாதுங்க."

ஆஸ்பத்திரிக் கடுதாசியோடு முறையாக விசா கேட்டாள். அது வர நாளானது. நான் கத்தினேன். "அங்க அவன் உசிருக்குப் போராடறான், உனக்கு முறை வேண்டிக் கெடக்குதா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாளே தவிர அசையவில்லை. அத்தனை நாளும் போனில்தான் இருந்தாள். இந்தியத் தூதரகத்தில் தன் பெயரைப் பதிந்தாள். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துக்கார நர்ஸ் ஒருத்தியைத் தேடிப் பிடித்தாள். விமான நிலையத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி வருமா, டிரைவர் பெயர் என்ன, இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியுமா, சோதனைச் சாவடியில் போனைக் கையில் வைத்திருக்கலாமா கூடாதா, எல்லாம் கேட்டாள். ஒரே கேள்வியை வேறு வேறு ஆளிடம் கேட்டாள். பாஸ்போர்ட் நகலை என் மகள் ஷாயிஸ்தாவிடம் ஒன்று கொடுத்தாள், பெட்டியில் ஒன்று வைத்தாள், ஜாக்கெட்டுக்குள் ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று காலையில் குன்னூர் ஓட்டுப்பட்டறையில் எங்கள் வீட்டில் ஒரே கூட்டம். வெளிநாடு போகிறவர்களுக்குப் பயணம் சொல்ல வருகிறவர்கள் யாரும் எங்கள் பக்கம் வெறுங்கையோடு வரமாட்டார்கள். 'ஒரு சின்னப் பொட்டலம்தான்' என்று ஆளுக்கு ஒன்று நீட்டுவார்கள். வர்க்கி, தைலம், ஊறுகாய். மறுக்கிற வழக்கமே கிடையாது. வாங்கிப் பெட்டியில் திணித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? அத்தனை பேருக்கும் முன்னால் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்தாள். முகர்ந்து பார்த்தாள். தைலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஊறுகாயை ஓரமாக வைத்தாள். எனக்கு மானம் போனது. கடைசியில் என்னுடையது. தாஹாவுக்கு என் கறி மசாலா என்றால் உயிர். முந்தின நாள் முழுக்க வறுத்து அரைத்துக் கட்டியது.

"மைனி, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"

"விஷம் வெச்சிருக்கேன்!" என்றேன்.

"அதில்லீங்க மைனி, ஷார்ஜாவுல..." என்று என்னமோ ஆரம்பித்தாள். நான் கேட்கிற நிலையிலா இருந்தேன்? விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். ஏர்போர்ட் வரை கூடப் போவதாக இருந்தவள் நான்தான். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அவள் பயணத் தொழுகை தொழுதுவிட்டு, என் கதவுக்கு வெளியே நின்று, "போயிட்டு வர்றேனுங்க மைனி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. குமாரசாமியின் டாக்ஸியில் தனியாகவே ஏறிப் போனாள்.

கார் போன பிறகு எழுந்து வந்தால் ஷாயிஸ்தா என்மேல் பாய்ந்தாள். "மாமி சொல்ல வந்ததைக் கேட்டியாம்மா நீ? உன் மசாலாவுல கசகசா இருக்கு. மாமி ஷார்ஜாவுல எறங்கித்தான் ஃப்ளைட் மாறணும். அந்த ஊர்ல கசகசா போதைப்பொருள். கையில இருந்தா ஜெயில்!"

கசகசாவா? குருமாவுக்குப் போடுகிற கசகசாவா? எங்கள் மளிகைக் கடையில் படி படியாக அளந்து விற்கிற கசகசாவா? சிரிப்புத்தான் வந்தது முதலில். சரி, அதுதான் எடுத்து வெளியே வைத்திருப்பாளே என்று மேஜையைப் பார்த்தேன். பொட்டலம் இல்லை.

என் வீட்டுக்காரர் மக்பூல் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார்.

"ஏனுங்க?"

"நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுப் படுத்துக்கிட்ட. அந்தப் புள்ள தொழுதுட்டு இருந்துச்சு. சரி, மச்சானும் ஆசையாத் திம்பான்னு நான்தான் பெட்டிக்கு அடியில..."

அடப் பாவி மனுசா! இவளை ஷார்ஜாவில் பிடித்து உட்கார வைத்தால் அங்கே தாஹாவுக்கு யார் கையெழுத்துப் போடுவது? போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. குமாரசாமிக்கும் அப்படித்தான். மலைப்பாதையில் சிக்னல் எங்கே இருக்கிறது? கடை ஆம்னி வேனை மக்பூலை எடுக்கச் சொல்லி, மசாலா வாசனை போகாத அதே சேலையோடு ஏறி உட்கார்ந்தேன்.

மரப்பாலம் என்ற ஊருக்குச் சற்று மேலே ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. நான் இறங்கிப் போய் அந்த டிரைவரைத் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான். திரும்பி வந்து மக்பூலைத் திட்டினேன். "யா அல்லாஹ், அவள் பத்திரமாகப் போய் இறங்கட்டும், தம்பியை நீ எனக்குத் திருப்பிக் கொடு" என்று வாய்விட்டு அழுதேன். வழி கிடைத்ததும் அவர் ஓட்டிய ஓட்டத்தில் ஒவ்வொரு வளைவிலும் நான் கதவில் மோதிக்கொண்டேன்.

மலைக்குக் கீழ்ப்பக்கம், பர்லியாரில் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் குமாரசாமியின் கார் நின்றிருந்தது.

பானெட் மேலே பெட்டி திறந்து கிடந்தது. துணி, மருந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கியிருந்தாள். கையில் என் பொட்டலம். பக்கத்தில் குமாரசாமி, ஃபேக்டரி லோடுமேன்களின் அதே எரிச்சல் முகத்தோடு வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தூக்கிப் போடுடி அதை!" என்று ஓடினேன்.

"வந்துட்டீங்களா மைனி?" என்றாள். "நான் தொழுகப் போனப்ப பெட்டி என் கண்ணுல இல்லைங்க. மறுபடியும் பார்க்காம பூட்டக் கூடாதுன்னு தோணுச்சு."

"அங்கியே பார்த்திருக்கலாம்ல? பர்லியார் வரைக்கும் ஏன் வந்த?"

"எல்லாரும் இருந்தாங்க. அத்தனை பேருக்கு முன்னால இன்னொருக்கா பிரிச்சா உங்களுக்கு இன்னும் வருத்தமாயிருக்கும்."

அவள் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. பர்லியாரில் குளிர் ஏது? அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குதுங்க மைனி. முதல்ல இருந்தே. அதனாலதான் கேட்டுக்கிட்டே இருக்கேன். கேக்கறப்ப மட்டும் கொஞ்சம் கொறையுது."

இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டா ஏஜெண்டிடம் அப்படிப் பேசினாள்? இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டா என் வாயையும் தாங்கிக்கொண்டு தனியாகக் காரில் ஏறினாள்? நானாக இருந்தால் பயந்ததை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். கத்திவிட்டு வீட்டில் இருந்திருப்பேன். நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு துணியாக நான் உதறி எடுத்துக் கொடுக்க, அவள் பார்த்துப் பார்த்து உள்ளே வைத்தாள். பூட்டப் போனவளை நிறுத்தினேன். "இரு. மக்பூல் பாய் கைய எங்க வெச்சிருக்கார்னு முதல்ல பாரு" என்றேன். சிரித்துவிட்டாள். பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். கோயமுத்தூர் ஏர்போர்ட் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கேள்வியாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் இருந்தபோது போன் அடித்தது. தாஹா. குரல் ஈனமாக இருந்தாலும் சிரிப்பு இருந்தது.

"அக்கா, இவ வந்து சேர்ந்துட்டா. ரூமுக்குள்ள வந்ததும் என்னைப் பார்த்து அழுவான்னு பார்த்தா, நேரா என் கையில கட்டியிருக்கிற பட்டையத் திருப்பி, பேரு, அத்தா பேரு, பொறந்த தேதி எல்லாம் நர்ஸ்கிட்ட சரி பார்க்கறாக்கா. நாந்தான்டின்னு சொல்றேன், கேக்கவே மாட்டேங்கறா."

"அவ அப்படித்தான்டா" என்றேன். "அப்புறம்?"

"அப்புறம் கையைப் புடிச்சா. இன்னும் விடல."

மக்பூல் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை அவர் கையில் கொடுத்தேன். அந்த மசாலாப் பொட்டலம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் ரெண்டு பேரும் ஊர் வருகிற வரை யாரும் தொடாதபடி எடுத்து உள்ளே வைத்தேன்.