கலிங்கின் மேல் மணல் மூட்டை

மதுக்கரைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சசிதர் குடும்பத்தின் தோட்டம் இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளம் ஒன்று அதன் நடுவே போகும். சசிதரின் அப்பா கோவிந்தராஜுலு தன் மில்லை மூடிய பிறகு, அந்தப் பள்ளத்தின் குறுக்கே மண்கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். தென்னைக்குப் பாய்ச்சத்தான். அவர் இறந்தபின் சசிதர் அதில் மிதிபடகு விட்டான். கரைமேல் நடைபாதை போட்டு, வண்ண விளக்குக் கம்பங்கள் நட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்து கார்கள் வரத் தொடங்கின.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓரத்தில் அப்பா கருங்கல்லால் கலிங்கு கட்டியிருந்தார். அந்த மட்டத்தில் தண்ணீர் நின்றால் படகுத்துறையில் சேறு தெரிந்தது. போட்டோவில் அசிங்கமாக விழுகிறது என்று வந்தவர்கள் குறைப்பட்டார்கள். ஆகவே சசிதர் கலிங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் சிமென்ட் பூசினான். அப்பா கட்டியதை அடைக்காதே என்று அம்மா ராமாமணி சொன்னாள். மழை வந்தால் எடுத்துவிடலாம் என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சசிதர் படகுகளைக் கட்டிப்போட்டான். முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் போன் செய்து வர வேண்டாம் என்றான். மூட்டைகள் அவன் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு காலை மழை சற்று ஓய்ந்தபோது கரைக்கு வந்தான். நடைபாதையின் நடுவில் தண்ணீர் விரற்கடை உயரத்துக்கு வழிந்து மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் அது பார்க்க அழகாகக்கூட இருந்தது. கிட்டே போய் எட்டிப் பார்த்தான். மறுபக்கச் சரிவில் புல்லே இல்லை. செம்மண் பாளம் பாளமாகப் பிய்ந்து பள்ளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது.

படகோட்டி கண்ணையாவும் அவனும் கடப்பாரையோடு கலிங்குக்கு ஓடினார்கள். மூட்டைகளைச் சிமென்ட் இறுகப் பிடித்திருந்தது. எவ்வளவு நெம்பியும் ஒரு மூட்டை கிழிந்து மணல் கொட்டியதுதான் மிச்சம்.

“கரை உக்காருதுங்க,” என்றான் கண்ணையா.

சசிதர் திரும்பினான். நடைபாதையில் ஒரு விளக்குக் கம்பம் மெதுவாகச் சாய்ந்தது. அடுத்த கணம் அது இருந்த இடமே இல்லை. அங்கே கரை பாதி அகலத்துக்குத்தான் மிச்சமிருந்தது.

கீழே, பள்ளத்தின் ஓரத்தில் ரசாக்கின் நாற்றுப்பண்ணை. பண்ணைக்குள்ளேயே வீடு. ரசாக்குக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

ரசாக்கின் மனைவி சஃபியா வாசலில் ரோஜாத் தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மேல ரோட்டுக்குப் போங்க. கரை உடையுது.”

“ஏனுங்க தம்பி, என்ன சொல்றீங்க?”

“பேச நேரமில்லீங்க. பாய் எங்க? மிஸ்பா எங்க?”

“அவர் செடி ஏத்திக்கிட்டு அவிநாசிக்குப் போயிருக்காருங்க. புள்ள உள்ள படுத்திருக்கா. அவளுக்குத்தான் காலு…”

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. கல்லூரிக்குப் போகும்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மிஸ்பாவின் காலில் மாவுக்கட்டு. உள்ளே ஓடிக் கட்டிலருகே குனிந்தான். “முதுகுல புடிச்சுக்க கண்ணு.” என்ன ஏது என்று கேட்காமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெளியே வந்தால், சஃபியா மோட்டாரை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தாள்.

“உட்டுப்போட்டு வாங்கக்கா!”

மேட்டில் ஏறும்போது கால் வழுக்கியது. மிஸ்பாவின் மாவுக்கட்டு அவன் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. ரோட்டை எட்டுவதற்கும், ஜல்லி லோடு கொட்டுவதுபோல் பின்னால் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

தண்ணீராகவே அது தெரியவில்லை. சேறும் தென்னை மட்டையும் கல்லுமாக ஏதோ உருண்டு வந்தது. பண்ணையின் பச்சை வலைப் பந்தல்கள் மடங்கின. ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஒரே வீச்சில் போயின. அன்னப்பறவை வடிவில் செய்த மஞ்சள் படகு ஒன்று வீட்டுச் சுவரில் மோதி நின்றது. பிறகு சுவரும் விழுந்தது.

யாரும் அழவில்லை. சஃபியா பார்த்துக்கொண்டே நின்றாள். “அடுப்புல பால் வெச்சிருந்தேன்,” என்றாள். மிஸ்பாவை இறக்கிவிட வேண்டும் என்பதுகூட சசிதருக்குத் தோன்றவில்லை. “அண்ணா, என்னைய உக்கார வையுங்க,” என்று அவளே சொன்னாள்.

மதியத்துக்குள் ஊரே கூடிவிட்டது. காலியான ஏரியின் சேற்றில் துடித்த மீன்களைச் சாக்கில் அள்ள ஒரு கூட்டம். ரோட்டில் போலீசும் கிராம நிர்வாக அலுவலரும் நின்றிருந்தார்கள். அவிநாசியிலிருந்து திரும்பிய ரசாக் மகளின் தலையில் கைவைத்தபடி, வீடு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி உடைஞ்சுது?” என்று அலுவலர் கேட்டார்.

“மழைங்க சார். இப்படியொரு மழைய நான் பாத்ததே இல்லீங்க,” என்றான் சசிதர்.

ராமாமணி மகனிடம் எப்போதும் தெலுங்கில்தான் பேசுவாள். அன்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

“மூட்டையையும் சொல்லு, சசி.”

அலுவலர் அவள் பக்கம் திரும்பினார்.

“என்ன மூட்டைங்கம்மா?”

“தண்ணி வழியற கலிங்க அடைச்சு மணல் மூட்டை போட்டிருந்தோமுங்க. எடுக்காம உட்டுட்டோம். வேண்டாம்னு ஒருக்கா சொன்னேன். அப்புறம் நானும் சும்மாதான் இருந்தேன்.”

அலுவலர் சசிதரைப் பார்த்தார். “ஆமாங்க,” என்றான் அவன். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

ரசாக் அவனருகே வந்தார். அடிக்கப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

“எம்புள்ளையத் தூக்கிட்டு வந்ததும் நீங்கதான். தண்ணிய உட்டதும் நீங்கதான். உங்ககிட்ட என்னன்னு பேசறதுன்னு எனக்குத் தெரியலீங்க,” என்றார். பிறகு மனைவியையும் மகளையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, உக்கடத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

வழக்கு பதிவானது. அங்கே இனித் தண்ணீர் தேக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மிச்சமிருந்த கரையை வெட்டி இறக்கிய நாளில் சசிதர் ஆரம்பம் முதல் முடிவு வரை அங்கேயே நின்றான். தோட்டத்தில் பாதியைப் பண்ணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆள் மூலம் ரசாக்குக்குச் சொல்லி அனுப்பினான். அவர் மறுத்துவிட்டார். சோமனூர்ப் பக்கம் இடம் பிடித்து நாற்று போட ஆரம்பித்தார்.

சஃபியா அவ்வப்போது ராமாமணியோடு போனில் பேசுவாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், மிஸ்பா நடக்கிறாள் என்று ஒருநாள் சொன்னாள். அம்மா அதை வந்து சொன்னபோது சசிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“பாய் என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?” என்றான்.

“இல்ல,” என்றாள் அம்மா.