நாலில் ஒரு பங்கு

மூன்றாவது எஞ்சினுக்கு பாய்லர் என்று அவர் கொண்டுவந்து வைத்த பித்தளைக் குழாயைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேஜையில் பாதி ஏற்கனவே பறிபோயிருந்தது. மீதிப் பாதியில்தான் நான் ஊறுகாய் ஜாடியும் தண்ணீர்ச் சொம்புமாக ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது.

"ஏன்னா, இது எஞ்சினா, கல்யாணச் சமையல் அண்டாவா?"

"எட்டுல ஒரு பங்கு, கோமு. இந்த அளவுல பண்ணினாத்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்" என்றார் சந்தானம், குழாயைத் துணியால் துடைத்தபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மெக்கானிக்கல் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். நாங்கள் இருக்கும் லேக் கார்டன்ஸ் பக்கத்து மற்ற ரிடையர் ஆன தமிழர்களெல்லாம் கோவில் கமிட்டி, சபா, ஏரிக்கரையில் காலை நடை என்று எதையாவது பிடித்துக்கொண்டார்கள். இவர் பிடித்துக்கொண்டது ஒரு எஞ்சினை. ஹவுராப் பக்கம், கங்கைக் கரையில், மூடிக்கிடக்கும் ஒரு சணல் ஆலைக்குள் அது நிற்கிறது. படகுத்துறையிலிருந்து கிடங்குக்கு மூட்டை இழுத்த நீராவி எஞ்சின். தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. பொம்மை ரயில் என்று நான் ஒருதரம் சொல்லிவிட்டேன், அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "பொம்மையா? அறுபது வருஷம் உழைச்ச மெஷின்டி அது!"

அந்த எஞ்சினைத்தான் வீட்டில் சின்ன அளவில் மாதிரி செய்துகொண்டிருந்தார். முதலில் செய்தது அசலில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு. உள்ளங்கையில் உட்காரும். மெல்லிய பித்தளைத் தகட்டின் பின்புறம் ஊசி வைத்துத் தட்டித் தட்டி, முன்புறம் கடுகை விடச் சின்னதாய் ஆணித் தலைகள் எழும்ப வைத்திருந்தார். வரிசை தப்பாத புள்ளிகள். எனக்கு இந்த இரும்பு சமாசாரத்தில் ஒரு ருசியும் கிடையாது, ஆனாலும் பூதக்கண்ணாடியில் அதைக் காட்டினபோது வாயடைத்துத்தான் போனேன். அதற்குப் புகைபோக்கியும் சக்கரமும் வைக்கிறதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். "இந்த அளவு சரியில்லை" என்றார். அடுத்தது பத்தொன்பதில் ஒரு பங்கு, ஒரு பவுண்டு ரொட்டி கனத்துக்கு. அதுவும் பாதியில் அலமாரிக்குப் போனது. இப்போது ஹார்மோனியப் பெட்டி அளவில் இது. பெங்களூரில் இருக்கும் என் பெண் அனன்யாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். "உங்கப்பா எஞ்சினுக்குப் பால் ஊத்தி வளக்கறார் போல இருக்கு, வளந்துண்டே போறது!"

ஆசைதான், வேறென்ன என்று நினைத்தேன். ஆபீஸில் பெரிய பெரிய கிரேனோடு மல்லுக்கட்டின மனுஷருக்குச் சின்னது கையில் நிற்குமா? மனுஷரும் நிலைகொள்ளாமல்தான் இருந்தார். உட்காருவார், எழுந்திருப்பார், பால்கனிக்குப் போய்க் கீழே ரிக்‌ஷாக்காரர்கள் சண்டை போடுவதை வேடிக்கை பார்ப்பார், திரும்பி வந்து ஒரு திருகை எடுப்பார், வைப்பார். காபி அரை டம்ளர் போதும் என்று ஆரம்பித்தார். சர்க்கரை ஏறிவிட்டதோ என்று பயம் போலிருக்கிறது, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். வலது கையை எந்நேரமும் பாண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தார். வயசான காலத்தில் இது என்ன ஸ்டைல் என்று கேலி கூடப் பண்ணினேன்.

எனக்கு பாங்கில் இன்னும் கொஞ்ச நாள் சர்வீஸ் பாக்கி. ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது, மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். என்னிடம் இருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. மேஜைக்கு முன்னால் குனிந்து ஒரு போல்ட்டில் நட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். நட்டு விழுந்தது. பொறுக்கினார். மறுபடி விழுந்தது. மறுபடி பொறுக்கினார். மூன்றாம் தரம் அது மேஜைக்கடியில் உருண்டு போயிற்று. அவர் குனிந்து தேடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டின் மேல் பளார் என்று ஓர் அடி அடித்தார். அடங்காத பிள்ளையை அடிப்பது போல. அந்தக் கை அடங்கவில்லை. மேஜை மேல் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன். வாசல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்புறம் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, காலிங் பெல்லை நன்றாக அழுத்தி, புதுசாக வருகிறவள் மாதிரி வந்தேன். அவர் கதவைத் திறந்தார். கை பாக்கெட்டில் இருந்தது.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது மூன்று எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடுகுப் புள்ளி வரிசை முதல் பக்கத்தில் நூல் பிடித்த மாதிரி போகிறது. அதே எஞ்சினின் மறுபக்கத்தில் கொஞ்சம் அசைகிறது. ரொட்டி எஞ்சினில் வரிசை அலைகிறது. அந்தப் பக்கத்தைத்தான் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். ஈயம் பற்றவைத்த இடமெல்லாம் சளி மாதிரி வழிந்திருந்தது. கை பிடிக்கமாட்டேன் என்கிறபோதெல்லாம் மனுஷர் அளவைப் பெரிசாக்கியிருக்கிறார். இதைத்தான் நான் பேராசை என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அம்மா, நீ ஸ்ட்ரெயிட்டா கேளு. டிலே பண்ணாதே. நியூராலஜிஸ்ட் கிட்ட கூட்டிண்டு போ" என்றாள் அனன்யா, போனில் நான் எல்லாவற்றையும் சொன்னதும். சொல்வதற்கென்ன? நான் பிராஞ்ச் மானேஜரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறவள். ஆனால் இவரிடம் வாய் வரவில்லை. கேட்டால் இல்லை என்பார். அப்புறம் இல்லை என்று சொன்னதையே பிடித்துக்கொண்டு டாக்டரிடம் வராமலே இருந்துவிடுவார். அவர் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு, பொய் சொன்னேன்.

"எனக்கு ஒரு டாக்டரைப் பார்க்கணும். தலைவலி போகவே மாட்டேங்கறது. நீங்களும் கூட வரணும்."

"தலைவலியா? சொல்லவே இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "வரேன். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நான் மில்லுக்குப் போகணும். எட்டுல ஒரு பங்கும் சரிப்படலை கோமு. நாலுல ஒரு பங்கு பண்ணிடலாம்னு பார்க்கறேன். எல்லா அளவையும் புதுசா எடுக்கணும்."

நாலில் ஒரு பங்கு! வீட்டுக் கதவுக்குள் நுழையாது. எங்கே வைப்பேள், என் தலையிலா என்று வாய்வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டேன். "நானும் வரேன்" என்றேன்.

பாபுகாட் துறையில் அக்கரைக்குப் போகும் மோட்டார் படகில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவர் கம்பியோரமாய் நின்று அக்கரைச் சிம்னிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார், கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஜால்முரி வாங்கி நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பேப்பர்ப் பொட்டலத்தைப் பிடித்தால் பொரி எல்லாம் தண்ணீரில் கொட்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பங்கையும் சேர்த்து நானே தின்றேன், மிளகாய் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது.

ஆலைக் காவல்காரன் அவரை முன்பே அறிந்தவன். கேட்டைத் திறந்துவிட்டு, "தேகே சோலுன், ஷாப் ஆச்சே" என்றான். பாம்பு இருக்கிறதாம். முழங்கால் உயரப் புல்லை மிதித்துக்கொண்டு போனோம். தகரக் கொட்டகைக்கடியில் எஞ்சின் நின்றது. இத்தனை நாளாக என் மேஜையை அடைத்துக்கொண்டிருந்த சனியன் இதுதானா என்று பார்த்தேன். யானைக்குட்டி மாதிரி, முதுகில் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டு, கட்டைகுட்டையாக, பார்க்கவே பாவமாக இருந்தது. புகைபோக்கியில் அரசங்கன்று முளைத்திருந்தது. ஊசி வைத்து அவர் தட்டின கடுகெல்லாம் இங்கே பாதி எலுமிச்சம்பழம் அளவில் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் கை வைத்தேன், நல்ல வெயில் சூடு.

"முனையைப் பிடி" என்று இரும்பு டேப்பின் கொக்கியை என்னிடம் கொடுத்தார். நான் எஞ்சினின் முன்பக்க மூலையில் வைத்து அழுத்தினேன். அவர் டேப்பை விட்டுக்கொண்டே பின்பக்கம் போனார். தொட்டியின் பக்கவாட்டில் டேப் படிந்தது.

டக டக டக டக என்று ஒரு சத்தம் கிளம்பியது.

தகரத்தில் மழை விழுவது போல, நிற்காமல். காலித் தொட்டி, அதனால் உள்ளே ஓங்கிக் கேட்டது. கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரன் எழுந்து, "கிஷேர் ஷப்தோ?" என்று அங்குமிங்கும் பார்த்தான். எதன் சத்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. புல் அசையவில்லை, காற்றும் இல்லை. டேப்தான் இரும்பின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் விட முடியாது, டேப் பெட்டி அந்தக் கையில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் கேட்காமல் வைத்திருந்தது இங்கே கொட்டகை முழுக்கக் கேட்டது. இடது கையையும் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் குறைந்து மறுபடி ஆரம்பித்தது.

"கோமு" என்றார். "வியாழக்கிழமை டாக்டர் உனக்கு இல்லை, இல்லையா?"

எஞ்சினின் நீளம் முழுக்க எங்களுக்கு நடுவில் இருந்தது.

"இல்லை" என்றேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க உங்க கையை அடிச்சேளே, அன்னிலேர்ந்து."

அவர் தலையை ஆட்டினார். டேப் அடித்துக்கொண்டே இருந்தது. "எனக்குப் பயமா இருக்குடி" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்!" என்று கத்தினேன். காவல்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டுமே. "கல்லு மாதிரி நின்னுண்டிருக்கேனேன்னு நினைச்சேளா? இழுத்துப் பிடிங்கோ முதல்ல. தொய்யலா விட்டா அடிச்சுக்காதா?"

அவர் இழுத்தார். நான் என் முனையை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்தேன். டேப் தொட்டியை விட்டு விலகி விறைத்துக்கொண்டது. சத்தம் நின்றது. காவல்காரன் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அளவு என்னன்னு பாருங்கோ" என்றேன்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. "பார்க்கலாம். நீ விட்டுடாதே" என்றார்.

கொக்கி என் கட்டைவிரலில் அழுந்தியது. எஞ்சினின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை மஞ்சள் டேப் அசையாமல் நின்றது. நான் விடவில்லை. அவரும் விடவில்லை.