ஒரு ‘ங்க’வுக்காக

சென்னிமலைக்காரர்கள் தெருநாயைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்த ‘ங்க’வை ஒருத்தன் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். திருப்பி வாங்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

அவன் பெயர் திருமூர்த்தி. எங்களோடு பெட்ஷீட் நெய்தவன்தான். எண்பத்து மூன்றில் நாற்பது தறிக்காரர்கள் முதலாளியை உதறிவிட்டு, செங்கொடி நட்டு, சொந்தமாகச் சங்கம் ஆரம்பித்தோம். ‘இங்கே எசமான் கிடையாது, எல்லாரும் தோழர்’ என்று கைதட்டினோம். தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு முழம் நெய்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்று விதி எழுதியதே இந்தத் திருமூர்த்திதான்.

அவனையே தலைவராக்கினோம். ஜீப் வந்தது. சுழல் நாற்காலி வந்தது. முழம் நெய்வது, தலைவருக்கு இடுப்பு வலி என்று நின்றுபோனது. நாங்கள் ‘வாங்க தோழர்’ என்போம். அவன் ‘ஏய், என்ன வேணும்?’ என்பான்.

தொண்ணூறில் என் வீட்டுக்காரர் சென்னகேசவன் அவனிடம் போனார். “தோழர், எங்களையும் ‘ங்க’ போட்டுப் பேசுங்க” என்றார். அவ்வளவுதான் கேட்டார். மறுநாளே எங்கள் வீட்டுத் தறிக்குச் சங்கம் கொடுத்துவந்த நூல் நின்றது. நெசவாளியாக இருந்தவர் ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார். சங்கத்துப் பேச்சையே விட்டுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பாவியைத் தறியில் உட்காரவைத்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று மலைமேல் முருகன் முன்னால் சத்தியம் செய்தேன்.

தொண்ணூற்று நாலு ஆண்டுக் கூட்டம். வீட்டுக்காரர் பெயரை அடித்தவர்கள் என் பெயரை உறுப்பினர் பட்டியலில் விட்டுவைத்திருந்தார்கள். பொம்பளைதானே என்ற அலட்சியம். எழுந்தேன்.

“தலைவருங்க, விதிப்படி ஒரு முழம் நெய்யுங்க.”

“உக்காரு பங்காரம்மா. இடுப்பு வலி.”

“ஜீப்புல குலுங்கறப்ப வலிக்கலீங்களா?”

கூடம் கொல்லென்று சிரித்தது. “நெய்யட்டுமுங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல். அப்புறம் கூடம் முழுக்க.

வேறு வழியில்லாமல் மூலையிலிருந்த குழித்தறியில் இறங்கினான். குறுக்கிழை ஓட்டும் நாடாவை இழுத்த இழுப்பில், நெடுக்கே ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தது. அதற்கு முடிச்சுப் போட எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். அவன் எச்சில் தொட்டு முறுக்கினான், நழுவியது. மறுபடி முறுக்கினான், மறுபடி நழுவியது. என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

“கை மறந்துபோச்சுங்க,” என்றான்.

அந்த ‘ங்க’ எல்லோர் காதிலும் விழுந்தது.

“எந்திரிடா!” என்று கத்தினேன்.

கதவோரம் நின்றிருந்த சென்னகேசவன் வந்து என் தோளைத் தொட்டார்.

“‘ங்க’ போட்டுச் சொல்லு. இல்லீனா நாமளும் அவராட்டவே ஆயிருவோம்.”

பல்லைக் கடித்தேன். மனசு ஒப்பவில்லை. ஆனால் அந்த மரியாதைதான் இவனுக்கு இன்னும் ஆழமாக இறங்கும் என்று அப்புறம் புரிந்தது.

“எந்திரிங்க தோழர். விதிப்படி நாற்காலி போச்சுங்க. நாளைக்கு உங்க ஊட்டுக்கு நூல் வருமுங்க. எங்களாட்டம் நெய்யுங்க.”

மறுநாள் காலை நூல் கட்டை நானே சுமந்துபோய் அவன் வாசலில் இறக்கினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்:

“ஏனுங்க, நூல் வந்திருக்குதுங்க!”