தோட்டா போட்ட துப்பாக்கி

புரட்டாசி மாதத்தில் ஒரு மாலை, வத்தல்மலை அடிவாரத்தில் லூர்து மேரி என்பவர் தன் கடலைக்காட்டில் இறங்கிய காட்டுப்பன்றியைத் துப்பாக்கியால் சுட்டார். குறி தவறவில்லை. பன்றியின் முதுகில் பூசணி முளைத்தது. மறுநாள் விடிவதற்குள் கொடி வாலைத் தாண்டிவிட்டது, அதற்கடுத்த நாள் பூ விட்டது. மலைமேல் இருப்பவர்கள் அந்தப் பன்றியின் பின்னாலேயே போய்ப் பிஞ்சு பறித்துக் கூட்டு வைத்தார்கள், நாட்டுக்காய் என்பதால் ருசி நன்றாகவே இருந்தது என்றார்கள். அந்த வாரம் தர்மபுரிச் சந்தையில் பூசணி விலை கொஞ்சம் இறங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது மழை நன்றாகப் பெய்த வருஷம்.

லூர்து மேரியின் காடு மலையை ஒட்டிக் கடைசியாக இருப்பது. அதற்கு மேல் ஒரு ஓடை, ஓடைக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் பன்றிகள். இரண்டு வருஷமாகக் கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றிகள் இறங்கி வந்தன. முதல் வருஷம் பாதி போயிற்று. அடுத்த வருஷம் செடியைப் பிடுங்கினால் வேரைத் தவிர ஒன்றுமில்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த மகன் மரிய ஆனந்த் கூடவே வந்துவிடும்படி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். லூர்து மேரி அந்த அறையை ஒருமுறை போய்ப் பார்த்திருந்தார். தரையெல்லாம் டைல்ஸ், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல், மாடிப்படியில் ஒரு தொட்டிச் செடி, அதுவும் பிளாஸ்டிக். மண்ணில் கால் வைக்காமல் அங்கே மிச்ச ஆயுளைக் கழிப்பதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. கடைசியாக ஒரு பேச்சு பேசி முடித்தார்கள். இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை. இதையும் பன்றி தின்றுவிட்டால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புவது. அவர் கணவர் இன்னாசி முன்யோசனைக்காரர் என்பதால் அன்றைக்கே குக்கரை ஒரு சாக்கில் போட்டு வாசலோரம் வைத்துவிட்டார். போகும்போதும் வரும்போதும் லூர்து மேரி அதில் கால் இடித்துக்கொண்டார்.

வீட்டில் துப்பாக்கி ஒன்று இருக்கத்தான் செய்தது. இன்னாசியின் அப்பா காலத்துப் பயிர்க்காவல் துப்பாக்கி, குழாயின் வாய்வழியே வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டுக் கெட்டிக்கிற வகை. அப்பாவுக்குப் பிறகு அதன் லைசென்ஸ் மகன் பேருக்கு வராமல் மருமகள் பேருக்கு வந்ததற்குக் காரணம், இன்னாசிக்குச் சத்தம் ஆகாது. அந்தோணியார் கோவில் திருவிழாவில் வேட்டுப் போடுகிற அன்று அவர் அடுத்த ஊரில் போய் உட்கார்ந்திருப்பார். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்வார். ஆகவே காவல் முழுக்க மனைவியின் வேலை. ஆனால் அந்தத் துப்பாக்கி பாழாய்ப்போன கனம். மொபெட்டிலிருந்து விழுந்ததில் லூர்து மேரிக்கு வலது தோள் வேறு சரியில்லை. ஓடையோரமாகக் கல்லிலும் முள்ளிலும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, மூச்சு வாங்கி, தோளுக்கு உயர்த்துவதற்குள் பன்றிகள் தின்று முடித்து வாய் துடைத்துக்கொண்டு போய்விடும்.

கனம் குறைந்த துப்பாக்கியைத் தேடி அவர் அலைந்தது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். மகன் போனில் வெளிநாட்டு வீடியோக்களை அனுப்பினான். அதில் வெள்ளைக்காரர்கள் குடைபோல லேசான துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பனிமலையில் நாள் கணக்கில் நடந்தார்கள். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருக்கும் வீரமணி பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் அந்த வீடியோக்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எடை கொறைஞ்சா ஒதை ஜாஸ்திங்கக்கா. தூக்கறதுக்கு நல்லாருக்கும், சுட்டா தோளு கழண்டுடும். கனமா இருந்தாத்தான் ஒதைய அதுவே வாங்கிக்கும்.”

“தூக்கவே முடியலன்னா ஒதைய யாரு வாங்கறது?” என்றார் லூர்து மேரி. வீரமணி ஒரு டீயை ஆற்றி நீட்டினார்.

சேலத்துப் பக்கம் ஒரு கடைக்கும் போய்ப் பார்த்தார்கள். லூர்து மேரி ஒவ்வொரு துப்பாக்கியையும் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், குனிந்தார், குந்தி எழுந்தார், நடுவில் கைவிரலை வைத்துத் தூக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். கத்தரிக்காய் வாங்கும்போதும் அவர் இப்படித்தான். குழாய் நீளமானது புதரில் மாட்டும், தோளில் வைக்கிற மரக்கட்டை குட்டையானது கன்னத்தில் இடிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒன்றைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார். கடைக்காரர் விலையைச் சொன்னார். துப்பாக்கி வெடிக்காமலேயே இன்னாசி காதைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் பென்னாகரம் பக்கத்து புட்டசாமியைப் பற்றி வீரமணி சொன்னார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், துப்பாக்கி பழுதுபார்க்க முறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர். பழைய கட்டையைக் கழற்றிவிட்டுத் தணக்கு மரத்தில் புதுக் கட்டை போட்டால் பாதிக் கனம் போய்விடும் என்று ஒப்புக்கொண்டார். தணக்கு என்பது பொம்மை செய்கிற மரம், தண்ணீரில் தக்கையாக மிதக்கும். வேலை முடிகிற சமயத்தில் அவர் போன் செய்தார். லூர்து மேரி அப்போது காரிமங்கலம் சந்தையில், மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய அந்தப் பேச்சு இவ்வளவுதான்.

“தோட்டா போட்டே குடுத்துடுங்க!” என்று கத்தினார் லூர்து மேரி.

“தோட்டாவா? அது பேக்கா?” வேணுமா என்பதை அவர் கன்னடத்தில்தான் கேட்டார்.

“ஆமாங்க, வேணும்! சின்னதாப் போட்டாப் போதும்!”

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குத் தோட்டா என்ற ஒன்றே கிடையாது, மருந்தும் ரவையும்தான். லூர்து மேரி சினிமாவில் கேட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கும் புட்டசாமிக்கு இந்தத் துப்பாக்கிக்குள் தோட்டா போகாது என்று நிச்சயமாகத் தெரியும். ஆகவே அந்த அம்மாள் தன்மேல் உள்ள மரியாதையில் கன்னடத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். கன்னடத்தில் தோட்ட என்றால் தோட்டம். துப்பாக்கிக்குள் தோட்டம் போடச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை, இருந்தாலும் கேட்டவர் கேட்டதைச் செய்து கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். அவர் மனைவி நஞ்சம்மா, தோட்டமென்றால் முதலில் வேலி வேண்டாமா என்று சொல்லிக் கிளுவைக் குச்சியை நறுக்கிக் கொடுத்தார். முதலில் அதைப் போட்டுக் கெட்டித்தார்கள். அதன்மேல் எருவும் செம்மண்ணும், பிறகு சர்க்கரைவள்ளிக் கொடி, அவரை, கீரை, எல்லாவற்றுக்கும் மேலே பூசணி விதை.

புதுக் கட்டை போட்டும் குழாயின் இரும்புக் கனம் அப்படியேதான் இருந்தது, தோட்டம் உள்ளே போனதும் அதுவும் போய்விட்டது. செடி என்பது மேலே பார்த்து இழுக்கிற ஜாதி, அது உள்ளே இருந்துகொண்டு துப்பாக்கியையும் சேர்த்து இழுக்கிறது என்று புட்டசாமி விளக்கினார், அது சரிதான். தோளில் மாட்டினால் வெயில் அடிக்கிற பக்கமாக லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. லூர்து மேரியின் தோளும் கூடவே தூக்கி நின்றதில் வலி போன இடம் தெரியவில்லை. மூட்டம் போட்ட நாளில் மட்டும் பழைய இரும்புக் கனம் திரும்பிவிடும். வெயில் இருக்கும்வரை ஓடை, பாறை, மேட்டுப்புதர் எல்லாவற்றையும் அவர் பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்வது போலத் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கினார். அப்படி இறங்கி வந்த ஒரு மாலையில்தான் பன்றியைச் சுட்டதும் பூசணி முளைத்ததும் நடந்தது. உதை கொஞ்சமும் இல்லை. சத்தம் என்று பார்த்தால் ஒரு கடலைக்காயை உடைத்த அளவுக்குத்தான்.

பன்றிக்கு அதில் வருத்தம் இல்லை. பூ விட்ட அன்றைக்கே பூசணி முளைத்த பன்றி தன் உறவுமுறையைக் கூட்டிக்கொண்டு வந்தது. காட்டின் ஒரு மூலை துவம்சமாகிவிட்டது. இன்னாசி குக்கர் மூடியையும் தேடி எடுத்து சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். லூர்து மேரி அந்த முடிச்சைப் பார்த்தார். துப்பாக்கியோடு பஸ் பிடித்துப் பென்னாகரம் போய் இறங்கினார்.

“தோட்டா போடச் சொன்னா தோட்டத்தப் போட்டு வெச்சிருக்கீங்களே! நான் வூட்டக் காலி பண்ணிக்கிட்டுப் போகணுமா?”

“நீங்கதானேம்மா கேட்டீங்க. வேணுமான்னும் கேட்டேன், வேணும்னீங்க,” என்றார் புட்டசாமி பணிவாக. “வேணாம்னா எடுத்துட்டு ரவை போட்டுத் தர்றேன். ஆனா கனம் பழையபடி வந்துடும்.”

நஞ்சம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே லூர்து மேரி யோசித்தார். ரவை போட்டால் சுடலாம், ஆனால் மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தோட்டம் இருந்தால் எவ்வளவு தூரமும் போகலாம், ஆனால் பன்றி பயப்படாது. அத்துடன், காதுக்கு மேலே ஒரு மஞ்சள் பூவுடன் அந்தப் பன்றி தன்னைத் திரும்பிப் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தின்ன வருகிறதை விரட்டத்தானே முடியவில்லை, வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போகலாமே என்று அப்போது தோன்றியது. துப்பாக்கியை அப்படியே எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து அவர் பன்றியைச் சுடவில்லை, நிலத்தைச் சுட்டார். வெயில் இருக்கும்போதே ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி, மறுநாள் பாறைக்கு மேலே ஒரு வெடி, அதற்கும் மறுநாள் இன்னும் மேலே. விழுந்த இடத்தில் வள்ளிக்கிழங்கும் பூசணியும் கீரையும் முளைத்தன. தோட்டம் என்பது பறிக்கப் பறிக்க வருவது என்பதால் ஒருமுறை கெட்டித்ததே பல நாளுக்கு வந்தது. பன்றிகள் ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தி மேலே ஏறின. சத்தமில்லாத துப்பாக்கி என்பதால் இன்னாசியும் கூட வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மலை ஏறியது அதுதான் முதல் தடவை. களி உருண்டையும் துவையலும் கட்டிக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒதையே இல்லாத துப்பாக்கியா என்று பார்க்க வந்த வீரமணி, ஒரு கட்டுக் கீரையோடு கோபமாகத் திரும்பிப் போனார்.

கடலை பிடுங்குவதற்கு முந்தின நாள் வானம் மூடிக்கொண்டது. காலையிலிருந்து தூறல். மேலே பாத்திகள் வெறுமையாகிவிட்டன, மதியத்திலேயே பன்றிகள் ஓடைவரைக்கும் வந்து நின்றன. லூர்து மேரி ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்தார். இரும்பாகக் கனத்தது. நெஞ்சுவரைக்கும் தூக்கினார், அதற்குமேல் தோள் கேட்கவில்லை. பன்றிகள் ஓடையோர வரப்பில் மூக்கை வைத்துவிட்டன. இவ்வளவு தூரம் வந்தும் ஓசூர் அறைதானா என்று அவர் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதார்.

இன்னாசி அதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. இந்தத் தடவை பழைய துப்பாக்கிதான் கையில் இருக்கிறது, பழைய சத்தம்தான் வரும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்து, குழாய்க்குக் கீழே தன் தோளைக் கொடுத்தார்.

“சுடு மேரி. எனக்கு எதுவும் கேக்கல.”

வெடி இடியாக வெடித்தது. உதைத்த உதையில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில் முதலில் போட்டதுதான் கடைசியில் வரும், புட்டசாமி உள்பட அதை எல்லாருமே மறந்திருந்தார்கள். ஓடையோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் கிளுவை வேலி முளைத்தது, முள்ளோடு, ஒரு பூனைகூட நுழைய முடியாத நெருக்கத்தில். பன்றிகள் அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

மறுநாள் கடலை பிடுங்கினார்கள். கொத்துக் கொத்தாக வந்தது. சாக்கு பற்றாக்குறையானதால் வாசலில் இருந்த சாக்கையும் அவிழ்த்துக் கொட்டினார்கள், குக்கர் வெளியே வந்தது. வந்ததே வந்தது என்று லூர்து மேரி அதில் பச்சைக் கடலையை உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றினார். போனில் மகனிடம், வர்ற ஞாயிற்றுக்கிழம நீதான் வரணும், சாக்குத் தூக்க ஆள் இல்ல என்றார். அடுத்த வெள்ளாமைக்குத் தோட்டாவில் தக்காளியும் சேர்த்துப் போடும்படி புட்டசாமிக்கும் சொல்லியாகிவிட்டது. ஊரில் இன்னும் சில பேர் அவருடைய நம்பரை வாங்கிப்போனார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பூசணிப் பன்றி மெதுவாக நடந்து போனது. முதுகில் காய் நன்றாகப் பெருத்திருந்தது.

“பறிச்சுட்டு வரட்டுமா?” என்று கேட்டார் இன்னாசி.

“கொஞ்சம் முத்தட்டும்,” என்றார் லூர்து மேரி.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. இன்னாசி காதைப் பொத்தவில்லை. எத்தனை விசில் ஆச்சு என்று மனைவியிடம் கேட்டார்.