ஈரக் குடுவை

கரிம வேதியியல் பேராசிரியர் சக்கரவர்த்தியின் கட்டுரையை, பென்குவின் உலவும் கண்டம் உட்பட உலகெங்கும் நாலாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதிலிருந்த வேதிவினையைச் செய்து பார்த்தவள் ஒருத்திதான். ஆய்வு மாணவி சிந்துஜா, அவருடைய வேங்கிக்கால் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மூணு வருஷமா அந்த ரியாக்‌ஷன் வரலைங்க சார். என் கை சரியில்லைனு கைடு சொல்றாரு. படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் பழைய ஆய்வக நோட்டைப் புரட்டினார். சோதனை செய்த அன்று கார்த்திகை தீபத்து மழை, குடுவையை உலர்த்தவேயில்லை. கட்டுரையில் மட்டும் வழக்கம்போல 'நன்கு உலர்த்தப்பட்டது' என்று எழுதிவிட்டார். வினையை நடத்தியதே அந்த ஈரம்தான். சொன்னால் முப்பது வருடப் பெயர் போய்விடும்.

"குடுவையில தண்ணி இருந்துச்சும்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்போ என் கை?"

"சுத்தம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

அவள் எதிரிலேயே இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். மறுவருடம் அதை ஒரே ஒரு கட்டுரை மேற்கோள் காட்டியது; அவளுடையது. மற்றவர்கள் இன்னும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.